தடை, தண்டனை, தள்ளுபடி: கோர்ட் செய்தியில் தடுக்கி விழும் இடங்கள்

"இதழியல் படிக்கிறேன். அடுத்த மாதம் ஒரு நாளிதழில் பயிற்சி. கோர்ட் பீட், அதாவது நீதிமன்றச் செய்தி சேகரிக்கும் பொறுப்பு, தருவார்கள் போலிருக்கிறது. செய்திகளில் வரும் சட்டச் சொற்கள் பாதிக்குப் பாதி புரிவதில்லை. எதையெல்லாம் கட்டாயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

உயர் நீதிமன்றச் செய்தி எழுதிச் சில வருடம் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அகராதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். 'ஆட்கொணர்வு மனு' மாதிரி முரட்டுச் சொல் வந்தால் யாராக இருந்தாலும் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்துக்கொள்வார்கள். தடை, தண்டனை, தள்ளுபடி எல்லாம் வீட்டிலேயே புழங்கும் சொற்கள். தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகிறோம். தடுக்கி விழுவது அங்கேதான்.

கோர்ட் ஹாலுக்குள் யாரும் 'தடை' என்று சொல்வதில்லை. "ஸ்டே வாங்கியாச்சு சார்" என்பார் ஜூனியர். "இன்ஜங்ஷன் கேட்டிருக்கோம்" என்பார் சிவில் வக்கீல். இன்னொருவர், "ஸ்டேட்டஸ் கோ கொடுத்துட்டாங்க" என்று கையை விரிப்பார். மூன்றையும் நிருபர் வெளியே கொண்டுவந்து 'தடை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார். ஸ்டே என்பது ஒரு உத்தரவையோ, கீழ்க் கோர்ட்டில் நடக்கும் வழக்கையோ அப்படியே நிறுத்திவைப்பது. இன்ஜங்ஷன் என்பது ஒரு ஆளைப் பார்த்து "இதைச் செய்யாதே" என்பது. சில சமயம் "இதைச் செய்" என்றும் வரும். ஸ்டேட்டஸ் கோ என்றால் இன்று இருக்கிற நிலையே தொடர வேண்டும், இரண்டு பக்கமும் கைவைக்கக் கூடாது. போதாக்குறைக்கு, அரசு ஒரு அமைப்பையோ புத்தகத்தையோ தடை செய்தாலும் அதே சொல்தான். ஆகவே 'இடைக்காலத் தடை' என்று கண்ணில் பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்குத் தடை, யாரைக் கட்டும், எந்தத் தேதி வரை. மூன்றுக்கும் செய்தியில் பதில் இல்லை என்றால் நிருபர் ஆர்டரைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

'தண்டனை' இன்னும் வில்லங்கமான சொல். குற்றவாளி என்று முடிவு செய்வது ஒன்று. அதற்கு இத்தனை வருடம் சிறை என்று சொல்வது வேறொன்று. முன்னது கன்விக்‌ஷன், பின்னது சென்டென்ஸ். தமிழில் இரண்டையும் 'தண்டனை' என்றே எழுதிப் பழகிவிட்டோம். இதன் விலை என்ன என்று பார்க்க, அப்போது தமிழக அமைச்சராக இருந்த பொன்முடியின் வழக்கு போதும். சொத்துக் குவிப்பு வழக்கில் விழுப்புரம் நீதிமன்றம் அவரை விடுதலை செய்திருந்தது. 2023 டிசம்பர் 19 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து குற்றவாளி என்றது. டிசம்பர் 21 அன்று 3 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீடு செய்ய வசதியாக 30 நாள் தண்டனையை நிறுத்தியும் வைத்தது. "தண்டனைதான் நிறுத்திவைச்சாச்சே, அப்புறம் எப்படி அமைச்சர் பதவி போகும்?" என்று அன்று என்னிடம் கேட்டவர்கள் பலர். நின்றது சிறைக்குப் போவது மட்டும். குற்றவாளி என்ற முடிவு நிறுத்திவைக்கப்படவில்லை. பதவியைப் பறிப்பது அந்த முடிவு.

2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவையே நிறுத்திவைத்தது. அதன் பிறகு நடந்ததுதான் உங்களுக்கான பாடம். மறுபடி அமைச்சராக்கும்படி முதல்வர் கேட்டார், ஆளுநர் மறுத்தார். நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதே தவிர ரத்தாகவில்லை என்பது அவர் வாதம். 'நிறுத்திவைப்பு', 'ரத்து' என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு மாநிலத்தின் அரசியல் சில நாள் தொங்கிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் ஆளுநரின் போக்கைக் கடுமையாகக் கேட்ட பிறகு, மார்ச் 22 அன்று பதவிப் பிரமாணம் நடந்தது. இந்த வழக்குச் செய்தி எழுதிய எத்தனையோ பேர் மார்ச் 11 அன்றும் 'தண்டனை நிறுத்திவைப்பு' என்றே தலைப்புப் போட்டார்கள். டிசம்பரிலும் அதே தலைப்பு, மார்ச்சிலும் அதே தலைப்பு என்றால் படிக்கிறவர் என்னதான் செய்வார்?

தண்டனை பற்றிய பேச்சிலேயே இன்னொன்றையும் முடித்துவிடுகிறேன். 'மூன்று பிரிவுகளில் தலா 5 ஆண்டு, ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்றால் மொத்தம் 5 ஆண்டுதான். '15 ஆண்டு சிறை' என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே 'ஏக காலத்தில்' என்று எழுதுவது வாசகரை ஏமாற்றும் வேலை. ஆயுள் தண்டனை 14 வருடம் என்பதும் தப்பு. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் வாங்கியவரை முன்விடுதலை செய்வது பற்றி அரசு யோசிக்கவே குறைந்தது 14 வருடம் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் வைத்த கணக்கு, ஊர்ப் பேச்சில் இப்படித் திரிந்துவிட்டது.

சரி, வழக்கின் முதல் படிக்குப் போவோம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும் ஒரு சீட்டு தருவார்கள், அது சி.எஸ்.ஆர். நம் ஊரில் அதை வாங்கிக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று சொல்லித் திரிபவர்கள் ஏராளம். அது மனு வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவே. வழக்கு பிறப்பது எஃப்.ஐ.ஆர். எனும் முதல் தகவல் அறிக்கையில். அதுவும் ஒரு தரப்பு சொன்னதன் பதிவுதான். விசாரணை முடிந்து போலீஸ் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அதைப் படித்துப் பார்த்து, இன்னின்ன பிரிவில் இவரை விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று கோர்ட் வரையறுப்பது குற்றச்சாட்டுப் பதிவு. குற்றப்பத்திரிகை போலீசின் கருத்து, குற்றச்சாட்டுப் பதிவு நீதிபதியின் வேலை. இரண்டுக்கும் நடுவில் வருடக்கணக்கு ஓடலாம். அந்த இடைவெளியில்தான் 'விடுவிக்கக் கோரும் மனு' வரும். கோர்ட் விசாரணைக்கு முன்பே விடுவிப்பது டிஸ்சார்ஜ். கோர்ட் விசாரணை முழுக்க நடந்து விடுதலை ஆவது அக்விட்டல். 'விடுதலை' என்று எழுதும் முன் எந்தக் கட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜாமீனில் வெளியே வந்ததைக்கூட 'விடுதலை' என்று எழுதிய செய்தியை நானே திருத்தியிருக்கிறேன்.

நம் காவல் நிலையத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் 'எதிரி'. 1-ம் எதிரி, 2-ம் எதிரி என்றே குற்றப்பத்திரிகையில் இருக்கும். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது என்றாலும், 'முதல் குற்றவாளி' என்று பத்திரிகையில் எழுதுவதற்கு அது எவ்வளவோ தேவலாம். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளி கிடையாது. அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் வழக்கில் மறுபக்கம் இருப்பவர் எதிர்மனுதாரர், சிவில் வழக்கில் பிரதிவாதி. இவர்களை 'எதிரி' என்று எழுதிவிடாதீர்கள். நடந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

ஜாமீன் பக்கம் வந்தால், 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் கைது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் வருகிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? இனி ஆள் வெளியே வரவே முடியாது என்று. பத்து நாளில் அவர் வெளியே வந்ததும் "காசு கொடுத்து வந்துட்டான்" என்று திண்ணையில் தீர்ப்பு. சட்டம் சொல்வது வேறு. சில குற்றங்களில் ஜாமீன் உரிமை. கேட்டால் போலீசே கொடுத்தாக வேண்டும். மற்றவற்றில் உரிமை கிடையாது, கோர்ட்டிடம் கேட்க வேண்டும். கோர்ட் கொடுக்கலாம், மறுக்கலாம். இந்த இரண்டாவது வகையைத்தான் 'வெளிவர முடியாத' என்று நாம் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். கைதாகும் முன்பே கேட்பது முன்ஜாமீன். போலீஸ் உரிய காலத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் உரிமையாகவே கேட்டு வாங்கக்கூடியது டீஃபால்ட் பெயில். குற்றத்தின் கடுமையைப் பொறுத்து பொதுவாக 60 நாள் அல்லது 90 நாள் கணக்கு. இந்த வகையில் ஜாமீன் கிடைத்தால் வழக்கில் சாரம் இல்லை என்று அர்த்தம் ஆகாது. போலீஸ் தாமதித்தது என்று அர்த்தம். செய்தியில் அந்த ஒரு வரி இருக்க வேண்டும்.

'குண்டர் சட்டம் பாய்ந்தது' என்று வருகிறதே, அதுவும் தண்டனை ஆகாது. 1982-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். ஒருவர் வெளியே இருந்தால் பொது அமைதி கெடும் என்று கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கருதினால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். தடுப்புக் காவல். குண்டாஸ் போடப்படுபவர் பெரும்பாலும் ஏற்கெனவே வேறு வழக்கில் சிறையில் இருப்பார். தடுத்துவைத்த ஆளைக் கோர்ட் முன் கொண்டுவந்து விடுவிக்கக் கேட்டு அவர் குடும்பம் உயர் நீதிமன்றத்தில் போடுவதுதான் முதலில் சொன்ன அந்த ஆட்கொணர்வு மனு. ஆவணத்தின் நகல் தெளிவாகத் தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்பது மாதிரிக் காரணங்களில் உத்தரவு ரத்தாகும். ரத்தானால் தடுப்புக் காவல்தான் போகிறது. மூல வழக்கு அப்படியே நிற்கிறது. 'குண்டர் சட்டத்தில் இருந்து விடுதலை' என்று எழுதினால் இது யாருக்கும் விளங்காது.

இனி, தலைப்பில் உள்ள மூன்றாவது சொல், தள்ளுபடி. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. கோர்ட் செய்தியில் முழுப் பலனும் அங்கேதான் இருக்கிறது. தள்ளுபடி, முடித்துவைப்பு, ஒத்திவைப்பு, ரத்து. இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமத்துப் பெரியவர் கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றக் கோரிப் பொதுநல வழக்குப் போட்டிருந்தார். அன்றைய காஸ் லிஸ்டில், அதாவது வழக்குப் பட்டியலில், எழுபதுக்கும் மேல் ஐட்டங்கள். வக்கீல் எழுந்தார், அரசு வக்கீல் ஏதோ சொன்னார், நீதிபதி ஸ்டெனோவைப் பார்த்து நாலு வரி சொன்னார், அடுத்த கட்டு மேசைக்கு வந்துவிட்டது. மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும். எனக்குக் கேட்டது, வழக்கு முடிந்தது என்பது மட்டும். 'தள்ளுபடி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவர் ஆபீசுக்குப் போன் போட்டு, "ஜெயிச்ச கேஸைத் தோத்ததாப் போட்டுட்டீங்களே தம்பி, ஊருக்குள்ள தலை காட்ட முடியலை" என்றார்.

ஆர்டர் காப்பி வாங்கிப் பார்த்தேன். அவருடைய மனுவை 12 வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்க அதிகாரிக்கு உத்தரவிட்டு வழக்கை முடித்துவைத்திருந்தார்கள். என் செய்தி தப்பு, திருத்தம் போட்டோம். ஆனால் அவர் ஜெயிக்கவும் இல்லை. 'பரிசீலிக்க உத்தரவு' என்றால் பார்த்துச் சொல் என்று அர்த்தம். 'முடியாது' என்பதும் பதில்தான். இந்த மாதிரி உத்தரவு தினமும் குவியல் குவியலாக வரும். 'ஆக்கிரமிப்பை அகற்ற ஐகோர்ட் உத்தரவு' என்று போட்டாலும் தப்பு, 'தள்ளுபடி' என்று போட்டாலும் தப்பு.

ஒத்திவைப்பில் இரண்டு உண்டு. 'விசாரணை ஒத்திவைப்பு' என்றால் வாய்தா. 'தேதி குறிப்பிடாமல் தீர்ப்பு ஒத்திவைப்பு' என்றால் வாதம் எல்லாம் முடிந்து, நீதிபதி எழுதப் போகிறார். முதலாவது சலிப்பான செய்தி, இரண்டாவது பெரிய செய்தி. 'நோட்டீஸ் அனுப்ப உத்தரவு' என்பதைப் பெரிதாக ஊத வேண்டாம். உன் பக்கம் என்ன சொல்கிறாய் என்று மறுதரப்பைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். வக்கீல் நோட்டீஸ் அதற்கும் கீழே. யார் வேண்டுமானாலும் எத்தனை கோடி வேண்டுமானாலும் கேட்டு அனுப்பலாம். கோர்ட்டுக்கும் அதற்கும் இன்னும் சம்பந்தம் வரவில்லை. உச்ச நீதிமன்றத்தில், மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனு ஒரே வரியில் தள்ளுபடியானால், 'ஐகோர்ட் தீர்ப்பை உறுதி செய்தது சுப்ரீம் கோர்ட்' என்று எழுதக் கூடாது. இதில் தலையிட விரும்பவில்லை என்றார்கள். சரி என்று சொல்லவில்லை.

'அமர்வு' பற்றி ஒரு வரி. 'இரு நீதிபதிகள் அமர்வு' என்பது பெஞ்ச், 'முதன்மை அமர்வு நீதிமன்றம்' என்பது மாவட்ட செஷன்ஸ் கோர்ட். ஒரே சொல், ஒட்டே இல்லை. அமர்வில் இருவரும் வேறு வேறு முடிவு சொன்னால் மூன்றாவது நீதிபதிக்குப் போகும். 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்க வழக்கில் 2018 ஜூனில் அப்படித்தான் ஆனது. அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்றதும்தான் வழக்கு ஒரு பக்கம் சாய்ந்தது.

இப்போது 'கடும் கண்டனம்', 'சரமாரிக் கேள்வி' வகைச் செய்திகள். நீதிபதி விசாரணையின்போது வாயால் சொல்வது ஒன்று, உத்தரவில் எழுதுவது ஒன்று. கட்டுவது எழுதியது மட்டுமே. சில நீதிபதிகள் வக்கீலைச் சோதிக்கவே எதிர்க்கேள்வி போடுவார்கள். காலையில் வறுத்தெடுத்தவருக்கே மாலையில் சாதகமான உத்தரவு வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் வாய்மொழியை எழுதவே கூடாதா? இதற்கு நம் சென்னையில் கிளம்பிய ஒரு வழக்கே விடை சொன்னது. 2021 ஏப்ரல் 26, கொரோனா இரண்டாம் அலை. கரூர் தொகுதி வாக்கு எண்ணிக்கை ஏற்பாடு பற்றிய வழக்கில், தொற்றுப் பரவலுக்குத் தேர்தல் ஆணையமே காரணம், அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி சொல்லிவிட்டார். உத்தரவில் அது இல்லை. ஆனால் நாடு முழுக்க அதுதான் தலைப்பு. தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றம் போய், அந்தக் கருத்தை நீக்க வேண்டும், வாய்மொழியைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்றும் கேட்டது. மே 6 அன்று தீர்ப்பு. பதிவிலேயே இல்லாததை நீக்குவது எப்படி என்றது உச்ச நீதிமன்றம். அந்த உவமை பொருத்தமில்லாதது என்று உயர் நீதிமன்றத்துக்கு ஒரு குட்டும் வைத்தது. வாய்மொழி விவாதம் உட்பட கோர்ட்டில் நடப்பதை எழுதும் உரிமை பத்திரிகைக்கு உண்டு என்று தெளிவாகச் சொன்னது. ஆகவே எழுதுங்கள்; ஆனால் 'விசாரணையின்போது வாய்மொழியாகக் குறிப்பிட்டார்' என்று எழுதுங்கள். 'உத்தரவிட்டார்' என்ற வினையை ஆர்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'வழக்கு நிலுவையில் இருப்பதால் பேசக் கூடாது' என்று அரசியல்வாதிகள் மைக்கைத் தள்ளிவிடுவார்கள். அவர்கள் பேசாமல் இருப்பது அவர்கள் இஷ்டம். 1971-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே, விசாரணையை நேர்மையாகவும் துல்லியமாகவும் எழுதுவது அவமதிப்பாகாது என்கிறது. அவமதிப்பில் இரண்டு வகை: உத்தரவை மதிக்காமல் இருப்பது சிவில், நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பது, விசாரணையில் குறுக்கிடுவது கிரிமினல். கலெக்டர் மீது வரும் 'கோர்ட் அவமதிப்பு' பெரும்பாலும் முதல் வகை. நமக்கு ஆபத்து இரண்டாவதில்.

அவதூறிலும் சிவில், கிரிமினல் உண்டு. 2016-ல் உச்ச நீதிமன்றம் கிரிமினல் அவதூறு செல்லும் என்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-வது பிரிவு. "உண்மையைத்தானே எழுதினேன்" என்பது அங்கே முழுக் கவசம் ஆகாது. உண்மை, பொது நன்மை இரண்டும் சேர வேண்டும். வெளியிடும் முன்பே வாயைக் கட்ட முடியுமா என்பதற்கு ஆட்டோ சங்கர் வழக்கு இருக்கிறது. மரண தண்டனைக் கைதியாக இருந்த அவருடைய வாழ்க்கைக் கதையை நக்கீரன் தொடராக வெளியிட இருந்தது. சிறை அதிகாரிகள் மறித்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம், அவதூறு வரும் என்று பயந்து அரசோ அதிகாரியோ முன்கூட்டியே தடுக்க முடியாது, வெளிவந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம் என்றும் சொன்னது. அதே தீர்ப்பு ஒரு விலக்கும் வைத்தது: பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர்.

இந்த விலக்கில் மட்டும் நான் கொஞ்சம் அழுத்திப் பேசுவேன். போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர் மட்டும் அல்ல. முகவரி, படம், பள்ளி, குடும்பம், தெரு, அடையாளம் தெரியவைக்கும் எதுவும் வரக் கூடாது. 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போட்டுவிட்டு, 'கைதான தந்தை' என்று தந்தையின் பெயரையும் ஊரையும் எழுதினால் மாற்றி என்ன பயன்? அந்த மாதிரிச் செய்தியில் குற்றம் சாட்டப்பட்டவர் பெயரையே விட வேண்டியிருக்கும். டெஸ்க்கில் கத்துவார்கள், கத்தட்டும்.

கடைசியாக எண்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனை, குற்ற நடைமுறை, சாட்சியச் சட்டங்களுக்குப் பதில் மூன்று புதிய சட்டங்கள். கொலை 302 போய் 103 ஆயிற்று. மோசடி 420 போய் 318 ஆயிற்று, ஊர் மட்டும் இன்னும் 'ஃபோர் ட்வென்டி' என்றே சொல்கிறது. வேடிக்கை 482. பழைய நடைமுறைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்பவர் 482-ல் வருவார், முன்ஜாமீன் 438. இப்போது முன்ஜாமீன் 482, ரத்து மனு 528. '482 மனு தள்ளுபடி' என்று பழைய ஞாபகத்தில் ஒரு வக்கீல் சொன்னால், எந்த 482 என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் இரண்டு வகை எண்ணும் இன்னும் பல வருடம் கோர்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்.

பயிற்சிக்குப் போகும் முதல் வாரம் ஒன்று செய்து பாருங்கள். நேற்றைய பேப்பரில் ஐந்து கோர்ட் செய்தியை வெட்டி எடுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்திலோ உயர் நீதிமன்றத் தளத்திலோ வழக்கு எண்ணையோ தரப்பினர் பெயரையோ போட்டால் நிலவரம் வரும், ஆர்டர் ஏற்றியிருந்தால் அதுவும் கிடைக்கும். கடைசிப் பத்தியை மட்டும் படித்து, பேப்பரின் கடைசிச் சொல்லோடு ஒப்பிடுங்கள். பொருந்தாதவை எத்தனை என்று எண்ணி எழுதி அனுப்புங்கள், பேசுவோம்.